பசுமை வளாகமும் பாதியில் நிற்கும் படிப்பும்

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் வந்துவிட்டால் அரசு கலை, அறிவியல் கல்லூரிகளுக்கு எத்தனை விண்ணப்பங்கள் வந்தன, எத்தனை இடங்கள் நிரம்பின, எந்தப் பாடத்துக்குப் போட்டி அதிகம் என்ற செய்திகள் வரிசையாக வருகின்றன. அப்படிச் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் மூன்று ஆண்டுகளில் அரியர் இல்லாமல் பட்டம் வாங்கினார்கள், எத்தனை பேர் இரண்டாம் ஆண்டோடு நின்றுபோனார்கள் என்ற கணக்கு மட்டும் எந்தக் கல்லூரியின் அறிவிப்புப் பலகையிலும் இருப்பதில்லை. நின்றுபோனவர்கள் யார், ஏன் நின்றார்கள் என்று அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்கும் பழக்கமும் நமக்கு இல்லை.

உயர்கல்வியில் சேருவோர் விகிதத்தில் தமிழ்நாடு நாட்டுக்கே முன்னோடி. 2021-22ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி இந்தியச் சராசரி 28.4 சதவீதம், தமிழ்நாட்டின் விகிதம் 47 சதவீதம். 2025-26 கல்வியாண்டில் மட்டும் பத்துக்கும் மேற்பட்ட புதிய அரசுக் கல்லூரிகள் தொடங்கப்பட்டன. வாசலைத் திறந்துவிடும் வேலையை நாம் நன்றாகவே செய்திருக்கிறோம். உள்ளே வந்தவர்களைப் பட்டம் வாங்கும் நாள்வரை தக்கவைப்பதுதான் இனி உள்ள வேலை.

அந்த வேலைக்கு உதவக்கூடிய பணமும் உழைப்பும் இப்போது வேறொரு பெயரில் வேறொரு பக்கம் போய்க்கொண்டிருக்கின்றன. அந்தப் பெயர் பசுமை வளாகம். தண்ணீர், நிழல், மின்சாரம், போக்குவரத்து ஆகிய நான்கும் சுற்றுச்சூழல் விவகாரங்கள் மட்டுமல்ல. ஓர் ஏழை மாணவி நாளைக்கும் கல்லூரிக்கு வருவாளா என்பதைத் தீர்மானிப்பவையும் இவைதான்.

இரண்டு கோப்புகள்

கல்லூரிகளை மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக்கின் தரச்சான்றுக்குத் தயாராகும் கல்லூரிகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். நாக் இதுவரை பின்பற்றிவந்த ஏழு அளவுகோல்களில் ஐந்தாவது மாணவர் ஆதரவையும் முன்னேற்றத்தையும் பற்றியது. மழைநீர் சேகரிப்பு, சூரிய மின்சாரம், எல்இடி விளக்கு, கழிவு மேலாண்மை, பசுமைத் தணிக்கை எல்லாம் ஏழாவது அளவுகோலின் கீழ் வருகின்றன. ஐந்தாவதுக்கு ஒரு பொறுப்பாசிரியர், ஏழாவதுக்கு இன்னொருவர். ஒருவர் உதவித்தொகைப் பட்டியலும் வேலைவாய்ப்பு விவரமும் திரட்டுகிறார். மற்றவர் மரங்களை எண்ணிப் படம் எடுக்கிறார். இரண்டு கோப்புகளும் சந்தித்துக்கொள்வதே இல்லை.

இதன் விளைவைச் சாதாரணமாகவே பார்க்கலாம். ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாளன்று வளாகத்தில் மரக்கன்று நடும் விழா நடக்கும். கோடை விடுமுறை முடியாததால் மாணவர்கள் பெரும்பாலும் இருக்க மாட்டார்கள். உள்மாவட்டங்களில் அப்போது வெயிலும் தணிந்திருக்காது. நட்ட கன்றுக்கு வாரம் இரண்டு முறை தண்ணீர் விட யாரையும் நியமித்திருக்க மாட்டார்கள். அடுத்த ஆண்டு அதே குழியில் இன்னொரு கன்று நிற்கும். இதில் யாருடைய நல்லெண்ணத்தையும் குறை சொல்ல முடியாது. வேலையைத் தொடர ஓர் ஆளும் கூலியும் ஏற்பாடு செய்யவில்லை, அவ்வளவுதான் குறை.

ஒரு பேருந்து தவறினால்

தாலுகா தலைநகர் ஒன்றில் உள்ள அரசுக் கல்லூரியை எடுத்துக்கொள்வோம். இடம் கிடைத்த இடத்தில் கட்டியதால் பெரும்பாலும் ஊருக்கு வெளியே இரண்டு, மூன்று கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கும். பல கல்லூரிகளில் இரண்டு ஷிப்டு. காலை ஷிப்டு ஒன்பது மணிக்குள் தொடங்கிப் பகலில் முடியும். மதிய ஷிப்டு முடிய மாலையாகிவிடும். சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு ஒரு நாளில் ஓடும் நகரப் பேருந்து நாலோ ஐந்தோ. அவற்றின் நேரம் கல்லூரி வருவதற்கு முன்பே, சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஏற்ப வகுத்தது.

மதிய ஷிப்டு மாணவிக்குக் கடைசி வகுப்பு முடிவதற்குள் ஊருக்குப் போகும் வண்டி கிளம்பிவிடும் என்றால், அவள் முன்னால் இருப்பவை இரண்டே வழிகள். கடைசி வகுப்பை விட்டுவிட்டு ஓட வேண்டும், அல்லது அடுத்த வண்டிக்கு ஏழு, எட்டு மணிவரை காத்திருக்க வேண்டும். இருட்டிய பிறகு பேருந்து நிறுத்தத்திலிருந்து வீட்டுக்குத் தனியாக நடந்து வரும் பெண்ணை எத்தனை வீடுகளில் மறுநாளும் அனுப்புவார்கள்? அவள் முதல் வழியைத்தான் எடுப்பாள். தினமும் ஒரு வகுப்பு போகும்.

அப்படிப் போனால் வருகைப்பதிவு குறையும். பெரும்பாலான பல்கலைக்கழக விதிகளில் 75 சதவீத வருகை வேண்டும். கொஞ்சம் குறைந்தால் கண்டோனேஷன் கட்டணம் கட்டித்தான் ஹால் டிக்கெட் வாங்க முடியும். மேலும் குறைந்தால் அந்தப் பருவத் தேர்வே எழுத முடியாது. பேருந்து நேரம் சரியில்லாததற்கு மாணவி அபராதம் கட்டுகிறாள். கல்லூரிப் பதிவேட்டில் அது ஒழுங்கீனமாகப் பதிவாகிறது. போக்குவரத்துக் கழகக் கிளைக்கு அந்தப் பதிவேடு போய்ச் சேர்வதே இல்லை.

2021 மே மாதம் தொடங்கிய மகளிர் கட்டணமில்லாப் பேருந்துப் பயணத்தை இந்த இடத்தில் நன்றியோடு சொல்ல வேண்டும். அதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொன்னது. அரசுக் கல்லூரி மாணவர்களுக்குப் பஸ் பாஸ் ஏற்கெனவே இருக்கிறது. சாலையில் வண்டிகளின் எண்ணிக்கையையும் புகையையும் குறைக்கக்கூடிய, பெண்களைக் கல்லூரிக்குக் கொண்டுவந்த திட்டங்கள் இவை. இவற்றை ஒருவரும் பசுமைத் திட்டம் என்றும் எழுதவில்லை, மாணவர் ஆதரவு என்றும் எழுதவில்லை. இலவசமாக ஏறலாம் என்பது சரி. ஏறுவதற்கு வண்டி அந்த நேரத்தில் வர வேண்டும்.

பத்தாம் வகுப்போடு நிற்கும் சோறு

1982இல் விரிவுபடுத்தப்பட்ட சத்துணவு பத்தாம் வகுப்புவரை போகிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவு தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கானது. கல்லூரிக்கு வந்ததும் அதே வீட்டுப் பிள்ளைக்கு எதுவும் இல்லை. காலை ஏழு மணிப் பேருந்தைப் பிடிப்பவர்களில் பலர் சாப்பிடாமல் வருகிறார்கள். வாசலில் இருக்கும் டீயும் வடையும்தான் மதியம்வரை. பசியோடு மூன்றாவது மணி நேரத்தில் கணக்கோ ஆங்கில இலக்கணமோ மண்டையில் ஏறாது என்பதற்கு ஆய்வு தேவையில்லை.

2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கின. பணம் நேராக மாணவரின் வங்கிக் கணக்குக்கே போகும் ஏற்பாடு இவற்றின் பெரிய பலம். ஆனால் அந்த ஆயிரம் வீட்டுச் செலவோடு கலந்துவிடும் வீடுகள் உண்டு. வளாகத்துக்குள் மலிவாக ஒரு தட்டுச் சாப்பாடு கிடைத்தால்தான் அந்த உதவி மாணவரின் வயிற்றுக்குப் போய்ச் சேரும்.

குழாயில் தண்ணீர் வந்தால்தான் கழிப்பறை

இதைக் கூச்சமில்லாமல் பேச வேண்டும். பெண்கள் அதிகம் படிக்கும் அரசுக் கல்லூரிகளில் கழிப்பறைக் கட்டடங்கள் இருக்கின்றன. பல இடங்களில் பத்து மணிக்கு மேல் குழாயில் தண்ணீர் இருப்பதில்லை. கதவில் தாழ்ப்பாள் இல்லை. நாப்கினைப் போட ஒரு மூடி போட்ட வாளி இல்லை. காலையிலிருந்து மாலைவரை தண்ணீரே குடிக்காமல் இருந்துவிட்டு வீட்டுக்குப் போகும் மாணவிகளைப் பற்றி எந்தப் பேராசிரியையிடம் கேட்டாலும் சொல்வார். மாதவிலக்கு நாட்களில் அவர்கள் வருவதில்லை. மாதம் மூன்று நாள் என்றால் ஒரு பருவத்தில் இரண்டு வாரத்துக்கும் மேல் வகுப்பு போய்விடுகிறது. அதுவும் வருகைப்பதிவில்தான் கழிகிறது.

2003இல் தமிழ்நாடு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. கல்லூரிக் கட்டடங்களின் மொட்டைமாடிகள் பெரியவை. நூறு சதுர மீட்டர் மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தாலே ஆயிரம் லிட்டர். அந்தக் குழாய்கள் எத்தனை வளாகங்களில் தொட்டியோடும் கிணற்றோடும் இணைந்திருக்கின்றன, எத்தனை இடங்களில் உடைந்து சுவரோரம் ஒழுகுகின்றன என்று கல்லூரி முதல்வர்கள் ஒருமுறை நடந்து பார்க்கலாம். தணிக்கை அறிக்கையில் ‘மழைநீர் சேகரிப்பு: உண்டு’ என்ற வரி இருக்கும். கழிப்பறைக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்ற கேள்வியும் அதே அறிக்கையில் அடுத்த வரியாக இருக்க வேண்டும்.

மேல்மாடி வகுப்பறை

இரட்டைப்படைப் பருவத் தேர்வுகள் ஏப்ரல், மே மாதங்களில் நடக்கின்றன. தமிழ்நாடு அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதே வெயிலில், மேலே நேரடியாக வெயில் விழும் காங்கிரீட் கூரையின் கீழ், மாணவர்கள் மூன்று மணி நேரம் உட்கார்ந்து தேர்வு எழுதுகிறார்கள். சுற்றாத மின்விசிறியின் கீழ் உட்கார்ந்தவருக்கு விதி வேறு, ஜன்னலோரம் உட்கார்ந்தவருக்கு விதி வேறு.

அமெரிக்காவில் ஒரு கோடிப் பள்ளி மாணவர்களின் தேர்வு மதிப்பெண்களை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2020இல் வெளியானது. வெப்பம் கூடிய ஆண்டுகளில் மாணவர்கள் குறைவாகக் கற்றார்கள்; ஏழை மாணவர்களுக்குப் பாதிப்பு அதிகம்; குளிர்சாதனம் உள்ள பள்ளிகளில் அந்தப் பாதிப்பு ஏறத்தாழ இல்லை என்று அது கண்டது. நம் கல்லூரிகள் முழுவதும் ஏசி போட முடியாது, போடவும் வேண்டாம். மாடியில் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடித்தால் அறை வெப்பம் சில டிகிரி குறையும். மேற்குச் சுவரோரம் புங்கையும் பூவரசும் வளர்ந்துவிட்டால் மாலை வெயில் சுவரில் விழாது. மாடியில் சோலார் பேனல் வைத்தால் மின்சாரத்தோடு கூரைக்கு நிழலும் கிடைக்கும்.

ஆயிரம் கல்லூரிகள் கற்றுக்கொண்ட பாடம்

அமெரிக்காவில் ஏறத்தாழ ஆயிரம் சமுதாயக் கல்லூரிகள் இருக்கின்றன. முதலாவது 1901இல் இல்லினாய்ஸ் மாநிலத்தின் ஜோலியட் நகரில் தொடங்கியது. கட்டணம் குறைவு, வாசல் எல்லோருக்கும் திறந்தது. வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள், குழந்தை பெற்ற பெண்கள், குடும்பத்தில் முதல் தலைமுறையாகக் கல்லூரி வருபவர்கள்தான் அங்கே நிறையப் பேர். பாதியில் நின்றுபோகிறவர்களும் அங்கேதான் அதிகம். நம் தாலுகாத் தலைநகர் அரசுக் கல்லூரிக்கு மிக நெருங்கிய உறவு அவைதான்.

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் சமுதாயக் கல்லூரிகள் 2007இல் ஏசாப் என்ற திட்டத்தைத் தொடங்கின. முழுநேரமாகப் படிக்க ஒப்புக்கொள்ளும் ஏழை மாணவருக்கு உதவித்தொகை போக மீதிக் கட்டணம் தள்ளுபடி, பாடநூல் இலவசம், நகரப் பேருந்திலும் சுரங்க ரயிலிலும் மாதம் முழுவதும் போகும் அட்டை இலவசம். அதோடு, பெயர் சொல்லி அழைக்கும் ஓர் ஆலோசகர். மற்ற மாணவர்களில் ஓர் ஆலோசகருக்கு 600 பேருக்கு மேல் என்றால், இவர்களில் 60 முதல் 80 பேர். ஆலோசகரைப் போய்ப் பார்த்தால்தான் அடுத்த மாதப் பயண அட்டை கைக்கு வரும்.

எம்டிஆர்சி என்ற ஆய்வு நிறுவனம் குலுக்கல் முறையில் மாணவர்களைப் பிரித்து இதைச் சோதித்தது. மூன்று ஆண்டுகளில் பட்டம் பெற்றவர்கள் திட்டத்தில் இல்லாதவர்களில் 22 சதவீதம். திட்டத்தில் இருந்தவர்களில் 40 சதவீதம். ஒரு மாணவருக்கான செலவு கூடினாலும், ஒரு பட்டத்துக்கான செலவு குறைந்தது. பின்னர் ஒஹாயோ மாநிலத்தில் மூன்று கல்லூரிகள் இதே முறையை எடுத்துச் செய்தன. அங்கும் பட்டம் பெறுவோர் ஏறத்தாழ இரட்டிப்பானார்கள். நல்ல கல்விமுறைகளைப் பற்றி எத்தனையோ அறிக்கைகள் வந்திருக்கின்றன. ஒரு பஸ் பாஸையும் ஓர் ஆளையும் சேர்த்து இவ்வளவு தெளிவான பலன் காட்டியவை மிகச் சில.

டெக்சாஸ் மாநிலத்தின் அமரில்லோ கல்லூரி தன் மாணவர்களிடமே கேட்டது: உங்கள் படிப்புக்குத் தடை எது? குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, வண்டி இல்லை, வாடகை கட்ட முடியவில்லை, சாப்பாடு இல்லை, கரண்ட் பில் நிற்கிறது, மருத்துவச் செலவு, வழக்குச் செலவு என்று பதில்கள் வந்தன. முதல் வரிசையில் வந்த தடைகளில் பாடம் சம்பந்தப்பட்டது எதுவும் இல்லை. வளாகத்துக்குள்ளேயே உணவுப் பண்டகமும் உதவி மையமும் திறந்தார்கள். 2023இல் அமெரிக்காவின் சிறந்த சமுதாயக் கல்லூரிக்கான ஆஸ்பென் பரிசை அந்தக் கல்லூரி பகிர்ந்துகொண்டது.

பசுமைப் பக்கத்துக்குக் கலிபோர்னியாவின் பியூட் கல்லூரி உதாரணம். ஓரோவில் ஊருக்கு வெளியே, பெரிய காட்டுநிலத்துக்கு நடுவே உள்ள வளாகம். மூன்று கட்டமாக ஏறத்தாழ 25,000 சோலார் பேனல்களைப் பதித்து 2011இல் தான் செலவழிப்பதைவிட அதிக மின்சாரம் தயாரித்தது. நாட்டிலேயே அந்த நிலையை எட்டிய முதல் கல்லூரி அதுதான். அதே கல்லூரி சுற்றியுள்ள ஊர்களிலிருந்து மாணவர்களை ஏற்றிவரத் தன் சொந்தப் பேருந்துகளை ஓட்டுகிறது. மின்கட்டணம் மிச்சமானால் அந்தப் பணம் கல்லூரியின் மற்ற வேலைக்கு நிற்கும்; பேருந்து ஓடினால் கார் வாங்க முடியாத மாணவரும் வருவார். ஆரிகன் மாநிலத்தின் லேன் சமுதாயக் கல்லூரி இன்னும் ஒரு படி போய் மின்சிக்கனத்தையும் நீர்ச்சிக்கனத்தையும் தொழிற்படிப்பாகவே வைத்தது. வளாகத்துக் குழாயும் மீட்டரும் அந்த மாணவர்களுக்குப் பயிற்சிக் கூடம்.

நம்மிடம் இருந்த முன்மாதிரி

இந்தச் சமுதாயக் கல்லூரி எண்ணம் இந்தியாவுக்குள் முதலில் காலூன்றியதும் நம் பக்கத்தில்தான். 1995இல் புதுவைப் பல்கலைக்கழகம் ஒன்றைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு சென்னை-மயிலை உயர்மறைமாவட்டம் சென்னையில் ஒன்றைத் தொடங்கியது. பத்தாவது, பன்னிரண்டாவதோடு படிப்பை விட்டவர்களைச் சேர்த்து, வாழ்க்கைத் திறன், தொழில் திறன், நேரடிப் பயிற்சி என்று ஓராண்டில் வேலைக்குத் தயார்படுத்தினார்கள். மருத்துவமனை உதவியாளராக, முன்பருவப் பள்ளி ஆசிரியையாக, மின்பணியாளராகப் போனார்கள். பிறகு இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2013 வாக்கில் பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசியும் இதை எடுத்துக்கொண்டன. நிதி நின்றதும் பல மையங்கள் ஒடுங்கிப்போயின.

அந்த முயற்சியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அங்கே மாணவரின் வீடு, தொழில், வருகை மூன்றும் சேர்ந்தே கவனிக்கப்பட்டன. நம் அரசுக் கல்லூரிகளில் அதற்கு ஆசிரியர்களுக்கு நேரமும் இல்லை, நிரந்தரமும் இல்லை. வகுப்புகளில் பெரும்பகுதியைச் சுமப்பவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். யூஜிசி 2019இல் சொன்ன, மாதம் 50,000 ரூபாய் வரையிலான மதிப்பூதியத்துக்காக அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடுகிறார்கள். மே மாதச் சம்பளமும் அவர்களுக்கு இல்லை. இப்படி இருக்கும் ஒருவரிடம், முப்பது மாணவர்களின் வீட்டு நிலையை மூன்று ஆண்டு தொடர்ந்து கவனியுங்கள் என்று சொல்ல எந்த முதல்வருக்கும் வாய் வராது. ஏசாப் போன்ற திட்டம் நமக்கு வேண்டுமென்றால் முதல் செலவு இந்த ஆசிரியர்களின் சம்பளத்தில்தான் தொடங்க வேண்டும்.

வளாகத்திலேயே கூலி

மாணவர்கள் வகுப்புக்கு வராததற்கு இன்னொரு பெரிய காரணம் வேலை. முகூர்த்த மாதங்களில் கேட்டரிங், தீபாவளிக்கு முன் ஜவுளிக்கடை, அறுவடையில் வயல், மற்ற நாட்களில் பெயின்ட் அடிப்பதும் சென்டரிங் வேலையும். காலை ஷிப்டு முடிந்து வேலைக்குப் போகும் மாணவர் கொஞ்ச நாளில் வேலையே முழுநேரமாகி வகுப்புக்கு வராமல் போகிறார். குடும்பத்துக்குப் பணம் தேவைப்படுகிற மாணவரிடம் வேலைக்குப் போகாதே என்று சொல்வது நியாயமில்லை. அந்தக் கூலியை வளாகத்துக்குள்ளேயே கொடுக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

முடியும். அமெரிக்கா 1964இலேயே மாணவர் பகுதிநேர வேலைக்கென்று மத்திய அரசின் நிதித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. இங்கேயும் சில பல்கலைக்கழகங்கள் படித்துக்கொண்டே சம்பாதிக்கும் திட்டம் வைத்திருக்கின்றன. கைவிரல் விட்டு எண்ணக்கூடியவர்களுக்குத்தான் கிடைக்கிறது. வளாகத்தில் என்ன வேலை இல்லை? சோலார் பேனலில் தூசி தட்ட வேண்டும். தூசி படிந்தால் மின்சாரம் குறையும். ஒழுகும் குழாய்களைக் கணக்கெடுக்க வேண்டும். கன்றுகளுக்குத் தண்ணீர் விட வேண்டும். நூலகத்தை மாலை ஆறு மணிவரை திறந்துவைக்க வேண்டும். முதலாண்டு மாணவருக்குக் கணக்கும் ஆங்கிலமும் சொல்லித்தர மூன்றாமாண்டு மாணவர் வேண்டும். வாரம் பத்து மணி நேரம், உள்ளூர்க் கூலி விகிதத்தில் கொடுத்தால், பசுமைப் பணியும் நடக்கும், மாணவரும் வகுப்பில் இருப்பார்.

இதில் ஒரு பெரிய ஆதாயம் படிப்பு முடிந்த பிறகு தெரியும். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றாலைகளும், திருநெல்வேலி கங்கைகொண்டானில் சோலார் தகடு ஆலையும், ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் மின்சார வண்டித் தொழிற்சாலைகளும் இருக்கும் மாநிலம் இது. அங்கிருந்து பேருந்து தூரத்தில் படிக்கும் இயற்பியல் மாணவர் மல்டிமீட்டரைக் கையில் பிடிக்காமலேயே பட்டம் வாங்கிவிடுகிறார். கல்லூரி மாடியிலுள்ள இன்வெர்ட்டரின் அளவுகளை ஓராண்டு குறித்துவைத்த மாணவர் நேர்காணலில் பேசுவதற்குத் தன் கையாலேயே செய்தது ஒன்று இருக்கும். அரசின் ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சிகளையும் இதோடு சேர்த்தால் சான்றிதழோடு கைப்பழக்கமும் வரும்.

செய்யக்கூடியவை

முதலில் கணக்கு வேண்டும். உயர்கல்வி மாணவர்களுக்கென்று யுமிஸ் என்ற தகவல் தளம் தமிழ்நாட்டில் இருக்கிறது. அதிலிருந்து ஒவ்வொரு கல்லூரியிலும் சேர்ந்தவர், இரண்டாமாண்டு வந்தவர், அரியர் இல்லாமல் முடித்தவர் எண்ணிக்கையைப் பாலினம், ஷிப்டு, சமூகப் பிரிவுவாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். கல்லூரிகளைத் தரவரிசைப்படுத்த அல்ல. எங்கே ஆள் நிற்கிறார்கள் என்று தெரிந்து அங்கே பணம் போட. நின்றவர்களிடம் ஒரு தொலைபேசி அழைப்பில் காரணம் கேட்டுப் பதிவு செய்வதையும் அதில் சேர்க்க வேண்டும்.

ஒவ்வொரு பருவம் தொடங்குவதற்கு இரண்டு வாரத்துக்கு முன் கல்லூரி முதல்வரும் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளரும் உட்கார்ந்து கால அட்டவணையைப் பேச வேண்டும். எந்தக் கிராமத்திலிருந்து எத்தனை மாணவர் என்ற பட்டியலைச் சேர்க்கைப் படிவத்திலிருந்தே எடுக்கலாம். வண்டியை மாற்ற முடியாத வழித்தடத்தில் கல்லூரி தன் கடைசி வகுப்பை முன்னால் தள்ள வேண்டும். வண்டி வராததால் போன வகுப்புக்குக் கண்டோனேஷன் கட்டணம் வாங்கக் கூடாது.

பசுமை வளாக நிதி எந்த வரிசையில் செலவாக வேண்டும் என்று உயர்கல்வித் துறை ஒரே பக்கத்தில் சுற்றறிக்கை அனுப்பலாம். கழிப்பறைத் தண்ணீர், குடிநீர், நாப்கின் அகற்றும் ஏற்பாடு முதலில். மேல்மாடிக் கூரைப் பூச்சு அடுத்து. சோலார் பேனல் அதற்குப் பின். அலங்காரப் புல்வெளியும் நீரூற்றும் அந்தப் பட்டியலிலேயே வேண்டாம். மின்கட்டணத்தில் மிச்சமாகும் தொகை பொதுக் கணக்கில் கரைந்துபோகாமல், அந்தக் கல்லூரியின் மாணவர் கூலிக்கும் கேன்டீனுக்கும் போகும்படி அரசாணையில் எழுத வேண்டும்.

கேன்டீனை ஏலத்தில் விடாமல் அருகிலுள்ள மகளிர் சுய உதவிக் குழுவிடம் வாடகையில்லாமல் கொடுத்து, காலையில் இட்லியும் பொங்கலும் மதியம் ஒரு கலவைச் சாதமும் மலிவு விலைக்கு விற்க வைக்கலாம். எவர்சில்வர் தட்டு, டம்ளர் வைத்தால் பிளாஸ்டிக் கப்பும் ஒழியும்.

நாக் கோப்புகளுக்கு இரண்டு பொறுப்பாசிரியர்கள் இருக்கட்டும். மாதம் ஒருமுறை அவர்கள் ஒரே மேசையில் உட்கார வேண்டும். அந்தக் கூட்டத்தில் மாணவியர் இருவர், ஷிப்டுக்கு ஒருவராக, கட்டாயம் இருக்க வேண்டும். எந்தக் கழிப்பறையில் தண்ணீர் இல்லை, எந்தப் பேருந்து நிற்காமல் போகிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

மரம் நடுவதை ஜூன் 5இலிருந்து வடகிழக்குப் பருவமழைக்கு, ஐப்பசிக்கு, மாற்றிவிடலாம். அப்போது மாணவர்களும் வளாகத்தில் இருப்பார்கள், மண்ணும் நனைந்திருக்கும். வேம்பு, புங்கை, பூவரசு, நாவல் போன்ற நம் மரங்களை வகுப்பறையின் மேற்குச் சுவரோரமும், வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம்வரையும் நட வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் விடும் மாணவருக்கு விடுமுறைக் கூலியை முன்கூட்டியே ஒதுக்கி, அவர் பெயரைக் கன்றுக் கணக்கோடு அலுவலகத்தில் எழுதிவைக்க வேண்டும்.